நான்கு பேருக்குச் சிங்கப்பூரில் ஓர் அறை

எங்கள் முதல் சிங்கப்பூர்ப் பயணத்தில், விடுதியின் வரவேற்பு மேசைமீது நான்கு பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்தேன். மகளுக்கு அப்போது 15 வயது, மகனுக்கு 13. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒவ்வொன்றாகத் திறந்து பிறந்த தேதியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மறுபடியும் பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு பேருக்குத்தானே அறை எடுத்திருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

தவறு என்னுடையது. முன்பதிவு செய்யும்போது பெரியவர்கள் 2 என்று மட்டும் போட்டேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். போய்ச் சேர்ந்ததும் ஒரு மெத்தை கேட்போம். ரூம் பாய் கொண்டுவந்து தரையில் விரிப்பார், நானூறோ ஐந்நூறோ சேர்த்துக் கொடுப்போம், முடிந்தது. சிங்கப்பூரில் அந்த வழி இல்லை. தங்குபவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் விடுதி பதிவு செய்தாக வேண்டும். இருவருக்கு என்று குறித்த அறையில் நால்வரை விடமாட்டார்கள். மெத்தை போடலாம் என்றாலும் அந்த அறையில் அதற்குத் தரை இல்லை. அன்றைய விலைக்கே இன்னோர் அறை எடுத்தோம். ஐந்து இரவுக்கென்று வைத்திருந்த பணம் மூன்றாம் இரவோடு தீர்ந்தது.

அதனால் இந்த அத்தியாயத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பத்து வயதுப் பிள்ளையோடு போவதும் பதினான்கு வயதுப் பிள்ளையோடு போவதும் வேறு வேறு பயணம். குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்று எழுதியிருக்கும் விடுதிகளில் பெரும்பாலானவை 12 வயதோடு கோடு போட்டுவிடுகின்றன. சில இடத்தில் 6 வயது, அபூர்வமாக 16. கோட்டைத் தாண்டிய பிள்ளை விடுதிக் கணக்கில் முழு ஆள். தேடும்போதே நான்கு பேர் என்று போடுங்கள். பிள்ளைகளின் வயது கேட்கும் கட்டத்தில் பயண நாளன்று எத்தனை வயதோ அதை நிரப்புங்கள். திரையில் வரும் விலை ஏறும், மனம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் அந்த விலைதான் கடைசியில் உங்கள் கையிலிருந்து போகப்போகும் பணம். ஒப்பிடுவதென்றால் அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எந்த வாரம் போவது

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 பாகை, வியர்வை ஒட்டும் காற்று, இடையில் கொட்டித் தீர்க்கும் மழை. கோடைப் பயணம் என்பது நம் பள்ளி விடுமுறையால் வந்த பெயர்தான். அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி நான்கு வாரம், ஏறக்குறைய ஜூன் முழுவதும் நீள்கிறது. உள்ளூர்க் குடும்பங்களே அப்போது ஊருக்குள் விடுதி எடுத்துத் தங்குவார்கள். நான்கு பேர் படுக்கும் அறைகள் முதலில் தீர்ந்துபோவதும் அந்த வாரங்களில்தான். தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் என்றால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மே முதல் மூன்று வாரம் நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி. மே தினத்தையும் விசாக தினத்தையும் ஒட்டி வரும் நீண்ட வார இறுதியை மட்டும் தவிர்த்தால் போதும். ஞாயிறு மாலை போய் இறங்கி வெள்ளி காலையில் கிளம்பும் பயணத்துக்கு, வெள்ளி முதல் புதன் வரையிலான பயணத்தைவிட அறை மலிவாகவே கிடைக்கும். ஐந்து இரவுதான் இரண்டும்.

வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ எழுதிய பிள்ளை இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். தேர்வு முடிவும் அடுத்த சேர்க்கையும் மே மாதத்தில் எந்த நாளில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசாவும் வேண்டும். இந்த இரண்டும் தெளிவாகும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். சற்று விலை கூடுதலாக இருக்கும். பரவாயில்லை. விசா கைக்கு வந்த அன்று, அதே அறை குறைந்த விலையில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து மாற்றிக்கொள்ளலாம். நான் இரண்டு முறை அப்படி மாற்றியிருக்கிறேன்.

வாடகை வீடு என்ற ஆசை

பிள்ளைகள் பெரியவர்களானதும் எல்லாருக்கும் தோன்றும் யோசனை, ஒரு வீட்டையே எடுத்துவிடலாமே என்பது. இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம். வேறு பல நகரங்களில் அது நல்ல வழி. சிங்கப்பூரில் அது சட்டவிரோதம். தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. வீவக வீடு என்று அங்கே சொல்லப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளுக்குக் குறைந்தது 6 மாதம். மீறும் வீட்டுக்காரருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2018ல் இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். (டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் இணையத்தில் நான்கைந்து நாளுக்கு வீடு என்று விளம்பரங்கள் வருகின்றன. காவலாளி கேட்டால் உறவினர் என்று சொல்லுங்கள், மின்தூக்கியில் பெட்டியோடு கூட்டமாக ஏறாதீர்கள் என்றெல்லாம் முன்கூட்டியே செய்தி அனுப்புவார்கள். அப்படி ஒரு செய்தி வந்தாலே விலகிவிடுங்கள். புகார் போனால் நள்ளிரவில் பிள்ளைகளோடு தெருவில் நிற்பது நீங்கள்தான். ஊருக்குள் நுழையும்போதே பொய் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சமையலறையோடுதான் வேண்டும் என்றால், சர்வீஸ் அபார்ட்மென்ட் என்ற வகை உண்டு. அதில் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும் என்பது விதி. விடுதி உரிமம் பெற்று, அறைக்குள் சிறு அடுப்பும் வைத்து, ஓர் இரவுக்கும் தரும் இடங்கள் சில இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இவை கட்டுப்படியாகும். ஐந்து நாள் போகும் நான்கு பேருக்குப் பெரும்பாலும் ஆகாது.

எந்தத் தெரு

எனக்குப் பிடித்த இடம் லிட்டில் இந்தியா. நம் ஊர்ச் சாப்பாட்டுக்காகத்தான் என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் முதல் காரணம் ரயில். லிட்டில் இந்தியா நிலையத்தில் நீல வழித்தடமும் ஊதா வழித்தடமும் சந்திக்கின்றன. நீலத்தில் ஏறினால் ஒரு பக்கம் நான்காவது நிலையம் பேஃபிரண்ட், கரையோரப் பூந்தோட்டங்களின் வாசல். மறுபக்கம் மூன்றாவது நிலையம் தாவரவியல் பூங்கா. ஊதாவில் ஏறினால் சைனாடவுன் வழியாக, மாறாமல் இறங்காமல் கடைசி நிலையமான ஹார்பர்பிரண்ட், அங்கிருந்து செந்தோசா. சாங்கி விமான நிலையத்திலிருந்து வரும்போதும் அடுத்த நிலையமான எக்ஸ்போவில் நீல வழித்தடத்துக்கு மாறினால் நேராக வந்து இறங்கலாம்.

ரயில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நடுப்பகலில் ஓர் அறை தேவைப்படுகிறது. காலை பத்தரைக்குக் கிளம்பி, ஒன்றரை மணிக்கு வெயிலிலோ மழையிலோ நனைந்து சலித்து, அறைக்குத் திரும்பிக் குளித்து, ஒரு மணி நேரம் போனோடு படுத்துக் கிடந்தால் மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வேறு ஆட்கள். கரையோரப் பூந்தோட்டங்களின் பெரிய மரங்களில் இரவு 7:45க்கும் 8:45க்கும் கட்டணமில்லாமல் ஒளியும் இசையும் நடக்கிறது. அதை மலர்ந்த முகத்தோடு பார்ப்பார்களா, கால் வலிக்கிறது என்று முனகுவார்களா என்பது மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறது. அறை தூரத்தில் இருந்தால் நடுவில் திரும்ப மனம் வராது. நாளொன்றுக்கு 20 வெள்ளி மிச்சம் என்று ஊரின் ஓரத்தில் அறை எடுத்த குடும்பங்கள் அந்தப் பணத்தைக் குளிரூட்டிய காப்பிக் கடைகளில் உட்காருவதற்குச் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லிட்டில் இந்தியாவைப் பற்றி ஒரு தயக்கத்தையும் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்பார்கள். உண்மைதான். வாரம் முழுதும் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள் அன்று மாலைதான் ஊருக்குப் பணம் அனுப்பவும், சொந்த ஊர்க்காரரைப் பார்க்கவும், ஒரு வேளை வாய்க்கு ருசியாகச் சாப்பிடவும் அங்கே வருகிறார்கள். சிராங்கூன் சாலையில் நடக்க இடம் இருக்காது. பட்டுக்கோட்டைப் பேச்சும் பரமக்குடிப் பேச்சும் காதில் விழும். பயப்பட எதுவும் இல்லை. பொது இடத்தில் இரவு 10:30க்கு மேல் மது அருந்த 2015லிருந்து தீவு முழுவதும் தடை இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். சத்தம் வேண்டாம் என்றால் சாலையை ஒட்டிய அறையைத் தவிர்த்து, ஃபேரர் பார்க் நிலையத்துப் பக்கம் பாருங்கள். பெருமாள் கோயிலுக்குக் கிட்டத்தில், கொஞ்சம் அடங்கிய தெருக்கள். அதே ஊதா வழித்தடம்தான்.

அதற்கடுத்து லாவெண்டரும் பூகிஸும். பச்சை வழித்தடம். கடைத்தெரு, நூலகம், இளவயதினர் கூட்டம் எல்லாம் பூகிஸில் இருப்பதால் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். விலை சற்றுக் கூடும். பென்கூலன் தெருவில் நடுத்தர விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. சைனாடவுனில் மாரியம்மன் கோயிலைச் சுற்றிய பழைய கடைவீடுகளில் சிறிய விடுதிகள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு மின்தூக்கி கிடையாது, மூன்றாம் மாடிக்குப் பெட்டியை நாமே தூக்க வேண்டும். பாலஸ்டியரில் அறை பெரிது, வாடகை குறைவு. ஆனால் அந்தச் சாலையில் ரயில் நிலையம் இல்லை, பஸ்ஸை நம்ப வேண்டும். இரண்டாம் முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வேன்.

கேலாங் தனியாகச் சொல்ல வேண்டியது. மலிவான அறை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பகுதிதான். சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற இடம். ஆனால் அங்கே லோரோங் என்று எண்ணிட்ட சந்துகளில், இரட்டைப்படை எண் கொண்டவற்றில் பாலியல் தொழில் நடக்கும் வீடுகள் இருக்கின்றன, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் விடுதிகளும் இருக்கின்றன. குற்றம் மலிந்த இடம் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் பதினாறு வயதுப் பெண் இரவில் தண்ணீர் பாட்டில் வாங்கத் தனியாக இறங்க முடியாத தெருவில் குடும்பத்தோடு தங்குவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன். முகவரியில் லோரோங் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாருவில் பாதி விலைக்கு அறை கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. தினமும் இரண்டு குடிநுழைவு வரிசை, பாலத்தில் நெரிசல், விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்ற கவலை. வேண்டாம்.

அறையின் உள்ளே

விடுதி அறைகளுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டபுள் என்றால் இருவருக்கு ஒரே கட்டில். ட்வின் என்றால் இரண்டு தனிக் கட்டில். ட்ரிபிள் மூவருக்கு. ஃபேமிலி ரூம் என்ற பெயரை நம்பி உடனே பணம் கட்டாதீர்கள். ஒரு பெரிய கட்டிலும் சிறு பிள்ளைக்கான சோபாவும் மட்டும் இருந்தாலும் அந்தப் பெயர்தான். கட்டில் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், அறை எத்தனை சதுர மீட்டர் என்ற மூன்றையும் பாருங்கள். மலிவு விடுதிகளில் இருவர் அறை 10, 12 சதுர மீட்டர்தான் இருக்கும். இரண்டு பெட்டியைத் திறந்து வைத்தால் குளியலறைக்குக் கட்டில் மேல் ஏறித்தான் போக வேண்டும். நான்கு பேருக்கு 20க்குக் குறைந்தால் சண்டை வரும்.

எங்கள் வீட்டில் கடைசியாக நிலைத்த ஏற்பாடு இரண்டு ட்வின் அறை. ஒன்றில் நானும் மகளும், மற்றதில் அப்பாவும் மகனும். டபுள் அறைகளாக எடுத்திருந்தால் இது நடக்காது. பதினைந்து வயது மகன் அப்பாவோடு ஒரே போர்வைக்குள் ஐந்து இரவு படுக்க மாட்டான். பிள்ளைகள் இருவரையும் ஓர் அறையில் விட்டுவிட்டு நாம் இன்னோர் அறையில் இருக்கலாம் என்றால், பல விடுதிகள் ஒவ்வோர் அறையிலும் 18 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. நடுவில் கதவு உள்ள அறைகள் வேண்டுமென்றால் கனெக்டிங் ரூம் என்று கேட்க வேண்டும். பக்கத்து அறை என்று மட்டும் கேட்டால் நடைபாதைக் கதவுகள்தான் பக்கத்தில் இருக்கும். கேட்டதை மின்னஞ்சலில் எழுதி, உறுதி என்று அவர்கள் எழுதிய பதிலைக் கையில் வைத்திருங்கள். முன்பதிவுப் பக்கத்தில் விருப்பம் என்று டிக் செய்வது உறுதி ஆகாது.

ஜன்னல் இல்லாத அறை என்பது சிங்கப்பூரில் சாதாரணம். விலை குறைவாக இருப்பதன் காரணமே சில நேரம் அதுதான். படத்தில் திரைச்சீலை தொங்கும், அதன் பின்னால் சுவர் இருக்கும். ஓர் இரவுக்குப் பரவாயில்லை. ஐந்து இரவென்றால் விடிந்ததே தெரியாது, பிள்ளைகள் பதினொரு மணிவரை எழமாட்டார்கள். ஜன்னல் உண்டு என்று அறை விவரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குளியலறையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இடத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காகக் குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கும் விடுதிகள் இருக்கின்றன. சிலவற்றில் திரை உண்டு, சிலவற்றில் பனிபடர்ந்த கண்ணாடி. வளர்ந்த மகளும் மகனும் இருக்கும் அறையில் இது ஐந்து நாள் வேதனை. பயணிகள் போட்ட படங்களில் குளியலறையைத் தேடிப் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் பெட்டியில் இருக்கட்டும்.

தங்கும் விடுதி என்ற வகையில் ஹாஸ்டல்களையும் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கான இடம் என்று நம் ஊரில் ஒதுக்கிவிடுவார்கள். அடுக்குக் கட்டில் போட்ட நால்வர் தனி அறை பல ஹாஸ்டல்களில் கிடைக்கிறது. கதவு நம்முடையது, குளியலறை மட்டும் பொது. பிள்ளைகளுக்கு மேல்கட்டில் என்றால் கொண்டாட்டம். பொதுக்கூடத்தில் காப்பி, தேநீர், துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும். பணம் மிகவும் இறுக்கம் என்றால் இதுதான் என் முதல் யோசனை. பலர் சேர்ந்து படுக்கும் பொதுக்கூட அறையில் ஆளுக்கொரு படுக்கை எடுப்பது வேறு விஷயம். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பல இடங்களில் அங்கே சேர்ப்பதில்லை, நானும் பிள்ளைகளை விடமாட்டேன்.

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல்

விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால் நின்று கணக்குப் போடுங்கள். முதல் கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி, 2024லிருந்து 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்தின் மேலும் வரி ஏறுவதால் 100 வெள்ளி அறைக்கு நாம் கட்டுவது 119.90. ஓர் உதாரணம் பாருங்கள். 120++ வெள்ளிக்கு இரண்டு அறை என்றால் ஓர் இரவுக்கு 287.76. நான்கு பேருக்கான ஒரே அறை 190++ என்றால் 227.81. ஐந்து இரவுக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 300 வெள்ளி. அந்த 300 வெள்ளிக்கு இரண்டு குளியலறையும் கொஞ்சம் தனிமையும் கிடைக்கிறது. அது தேவையா என்று பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எங்கள் மகன், ஒரே அறை போதும், மிச்சப் பணத்தில் செந்தோசாவில் இன்னொரு விளையாட்டுக்குப் போகலாம் என்றான். மகள் தனிக் குளியலறைதான் வேண்டும் என்றாள். கடைசியில் மூன்று இரவு ஒரே அறை, இரண்டு இரவு இரண்டு அறை என்று முடிவானது. நாங்களே தீர்மானித்திருந்தால் ஐந்து நாளும் குறை கேட்டிருப்போம்.

காலை உணவு சேர்ந்த விலை வேண்டாம். உணவு பத்து மணியோடு முடியும், பிள்ளைகள் பத்து மணிக்குத்தான் எழுவார்கள். லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டியே தேக்கா நிலையம் இருக்கிறது. கீழே சந்தையும் உணவங்காடியும். தோசை, புரோட்டா, பிரியாணி, பக்கத்துக் கடையில் சீன நூடுல்ஸ் என்று ஒரே மேசையில் நால்வரும் நான்கு விதமாகச் சாப்பிடலாம். சைவக்காரர்களுக்கு 1947லிருந்து சிராங்கூன் சாலையில் நடக்கும் கோமள விலாஸ் நடக்கும் தூரம். குடிக்கக் குழாய்த் தண்ணீரே போதும், ஊர் முழுவதும் சுத்தமானது. ஆளுக்கொரு பாட்டில் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டால் அறையில் விற்கும் தண்ணீரைத் தொட வேண்டியதில்லை. மின்சாரக் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள். அறையில் புகை கண்டறியும் கருவி இருக்கும், சமைக்க அனுமதி கிடையாது. கொதிகெண்டி வைத்திருப்பார்கள், காப்பிக்கு அது போதும்.

ரயில் செலவையும் அறைக் கணக்கோடு சேருங்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே பாதிக் கட்டணம் இல்லை. உள்ளூர் மாணவர்களுக்கான சலுகை பயணிகளுக்குப் பொருந்தாது. ஓர் அட்டையை வைத்து நான்கு பேர் நுழையவும் முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். தாத்தாவோ பாட்டியோ சேர்ந்து ஐந்து பேர் ஆனால் சாதாரண டாக்சியில் ஏற்ற மாட்டார்கள், நான்கு பேர்தான் கணக்கு. ஐந்து பேர் போகிறவர்கள் நிலையத்துக்கு இன்னும் நெருக்கமாக அறை எடுப்பது நல்லது.

சொந்தக்காரர் வீடு

தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் குடும்பங்களில் சிங்கப்பூரில் யாராவது ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு. சித்தப்பா வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்ற பேச்சு வரும். பணம் வாங்காமல் உறவினரைத் தங்க வைப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் அவர் எப்படி இருக்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேலை அனுமதியில் தொழிலாளர் விடுதியில் இருக்கும் தம்பியால் யாரையும் உள்ளே அழைத்துப்போக முடியாது. வாடகைக்கு ஓர் அறை எடுத்திருப்பவருக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். சொந்த வீவக வீட்டில் இருப்பவர்களுக்கும் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கும் வேலைக்கும் ஓட்டம். வாங்க என்று அவர்கள் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சொல்லிவிட்டார்கள் என்பதற்காக நான்கு பேரும் ஐந்து இரவு கூடத்தில் படுப்பது அவர்களுக்குப் பாரம்.

எங்கள் வழக்கம் இது. சனிக்கிழமை இரவு ஒன்று மட்டும் அவர்கள் வீடு. மறுநாள் அவர்களுக்கும் விடுமுறை. பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கீழே காப்பிக்கடைக்குப் போய் வருவார்கள், எங்களோடு பார்க்காத சிங்கப்பூர் ஒன்றைப் பார்ப்பார்கள். மற்ற இரவுகள் விடுதி.

போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும்

தமிழ்நாட்டிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் பல அங்கே விடிந்ததும் இறங்கும். நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முன்னே. அறை கிடைப்பதோ பிற்பகல் 2 மணிக்கு, சில இடத்தில் 3 மணிக்கு. முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி விடியற்காலையில் நுழையலாம். முதியவர் இல்லையென்றால் அது வீண் செலவு. நேராக விடுதிக்குப் போய்ப் பெட்டியை ஒப்படையுங்கள், எல்லா இடத்திலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். முகம் கழுவி, தேக்காவில் சாப்பிட்டு, தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். காலை 5 மணிக்கே திறந்துவிடும், கட்டணம் இல்லை. வெயில் ஏறியதும் விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகம், பத்து மணிக்குத் திறக்கும். குளிரூட்டிய கட்டடம், உட்கார இடம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையை அங்கே யாரும் விரட்ட மாட்டார்கள். அறை முன்னதாகத் தயாரானால் கூப்பிடுங்கள் என்று வரவேற்பில் எண் கொடுத்துவிட்டு வாருங்கள்.

குடிநுழைவுக்கான மின்னணு வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதில் தங்குமிட முகவரி கேட்பார்கள். அரசின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் பக்கம் ஏதாவது வந்தால் மூடிவிடுங்கள். விடுதியின் முன்பதிவுத் தாளை அச்செடுத்து அப்பாவின் பையில் ஒன்று, மகளின் பையில் ஒன்று என்று வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தால் முகவரி சொல்லத் தெரிய வேண்டும்.

சார்ஜ் என்றதும் நினைவு வருகிறது. சிங்கப்பூர்ச் சுவர்த்துளை சதுர முனை மூன்று உள்ளது, நம் உருண்டை முனை நுழையாது. அடாப்டர் ஒன்று வாங்கி, நம் ஊர் நான்கு துளை எக்ஸ்டென்ஷன் பெட்டியை அதில் மாட்டிவிட்டால் நான்கு போனுக்கும் போதும். நான்கு அடாப்டர் வாங்க வேண்டியதில்லை.

கிளம்பும் நாளில் பகல் 11 அல்லது 12 மணிக்கு அறையை விட வேண்டும், விமானம் இரவில். பெட்டியை மறுபடி வரவேற்பிலேயே வைக்கலாம். குளிக்க ஒரு பொது இடம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், சில விடுதிகளில் நீச்சல் குளத்தை ஒட்டி இருக்கும். டுரியான் பழம் வாங்கும் ஆசை இருந்தால் வாங்கும் இடத்திலேயே சாப்பிட்டு முடியுங்கள். அறைக்கும் ரயிலுக்கும் அதைக் கொண்டுவரத் தடை, நாற்றத்தை மறைக்க முடியாது. முன்பணம் பிடித்திருந்தால் அது கார்டுக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, ரசீதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளை ஒரு முறை மேலே அனுப்பி, கட்டிலுக்கு அடியிலும் சுவர்த்துளையிலும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று இன்னும் லாவெண்டரில்தான் இருக்கிறது.